பிரஷர் குளிசையும் வளரும் முரசும்

இரத்த அழுத்தத்துக்கு என்று நாளாந்தம் விழுங்கும் ஒரு குளிசை வாய்க்குள் இருக்கும் முரசை வளர்த்துவிடும் என்று சொன்னால் நம்மவர்களில் பலர் நம்பமாட்டார்கள். பிரஷருக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். சம்பந்தம் உண்டு. மருத்துவ உலகம் அதை அறிந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. அறியாமல் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்தக் குளிசையை விழுங்குபவர்கள்தான். இந்த முரண்பாட்டைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகின்றேன்.

தமிழக வாசகர்களுக்காக ஒரு சொல் விளக்கம். அவர்கள் ஈறு என்று சொல்வதையே ஈழத்தில் நாம் முரசு என்கின்றோம். கொட்டுகின்ற முரசுக்கும் பல்லைப் பிடித்திருக்கும் முரசுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்பதை மொழியறிஞர்களிடம் விட்டுவிடுகின்றேன்.

விடயத்துக்கு வருவோம். இரத்தக் குழாய்களின் சுவரில் உள்ள தசை சுருங்குவதற்குக் கல்சியம் தேவை. அந்தக் கல்சியம் தசைக் கலங்களுக்குள் நுழையும் வாசலை அடைத்துவிட்டால் குழாய் தளரும், அழுத்தம் இறங்கும். இந்த எளிய தத்துவத்தில் இயங்கும் மருந்துகளையே கல்சியம் சனல் புளொக்கர்கள் என்று வைத்தியர்கள் அழைக்கின்றனர். நிஃபெடிபின், அம்லோடிபின், டில்ரியாசெம், வெரபமில் ஆகியவை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நிஃபெடிபின் 1970களின் நடுப்பகுதியில் ஜேர்மனியின் பேயர் நிறுவனத்தால் சந்தைக்குக் கொண்டுவரப்பட்டது. அம்லோடிபினுக்கு 1992 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும், ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் நமது பெரியவர்களில் எத்தனையோ பேரின் மருந்துப் பெட்டிகளில் இவற்றில் ஒன்று இருக்கும்.

இந்த மருந்தைப் பாவிப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு, பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள், இரண்டு பற்களுக்கு இடையில் இருக்கும் முரசின் நுனி மெல்லத் தடிக்கத் தொடங்கும். முன்வாய்ப் பற்களிலேயே அது கூடுதலாகத் தெரியும். நோவு இருக்காது. நோவு இல்லாததால் எவரும் பொருட்படுத்துவதும் இல்லை. பின்னர் அந்தத் தடிப்பு பல்லின் மேல் ஏறி, சிலருக்குப் பல்லின் அரைவாசியை மூடிவிடுகின்றது. தூரிகை போகவேண்டிய இடத்துக்குப் போகாது. அங்கே உணவுத் துணிக்கையும் கிருமிப் படலமும் தங்கும். முரசு சிவந்து இரத்தம் கசியும். வாய் மணக்கும். பல் விலகும். சாப்பிடவும் கதைக்கவும் சிரிக்கவும் சங்கடப்படும் நிலை வரும்.

இது இந்த மருந்துக் குடும்பத்துக்கு மட்டும் உரிய குணமும் அல்ல. வலிப்பு நோய்க்கான பெனிற்றோயின் 1938 இல் பாவனைக்கு வந்தது. மறு ஆண்டே, அதை உட்கொண்டவர்களின் முரசு வளர்வதாக மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். சிறுநீரகம் மாற்றியவர்களுக்குக் கொடுக்கப்படும் சைக்கிளோஸ்போரினும் அவ்வாறே செய்யும் என்பது 1980களின் தொடக்கத்தில் தெரியவந்தது. நிஃபெடிபின் பற்றிய முதல் அறிக்கைகள் 1984 இல் வெளிவந்தன. அம்லோடிபின் பற்றியவை 1990களின் முற்பகுதியில் வந்தன. ஆக, இதில் இரகசியம் எதுவும் இல்லை. நூலகங்களில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் தகவல் இது. அங்கிருந்து நோயாளியின் காதுக்கு வந்து சேரவில்லை என்பதே எனது முறைப்பாடு.

எத்தனை பேருக்கு வருகின்றது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. பல் வைத்தியசாலைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் தொகை பெரிதாகத் தெரியும். ஊரில் மருந்து எடுப்பவர்கள் எல்லோரையும் எண்ணினால் குறையும். இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியில் பொதுமக்களிடையே செய்யப்பட்டு 1999 இல் வெளியான ஆய்வொன்று, நிஃபெடிபின் பாவித்தவர்களில் 6.3 வீதத்தினருக்குக் குறிப்பிடத்தக்க முரசு வளர்ச்சி இருந்ததாகக் கூறியது. அம்லோடிபின், டில்ரியாசெம் இரண்டிலும் அந்த வீதம் அதைவிட நன்றாகக் குறைவு. பெண்களை விட ஆண்களுக்கே கூடுதலாக வருகின்றது என்றும் அந்த ஆய்வு கண்டது. நூற்றுக்கு ஆறு என்பது சிறிய எண்ணாகப் படலாம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட கணிப்பின்படி 30 முதல் 79 வயது வரையானவர்களில் ஏறத்தாழ 128 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கின்றது. அவர்களில் ஒரு பங்கினர் இந்த மருந்தை எடுத்தாலே, அதில் நூற்றுக்கு ஒருவர் என்று வைத்தாலும், தொகை சிறியதல்ல.

ஏன் சிலருக்கு வருகின்றது, சிலருக்கு வருவதில்லை? பரம்பரை ஒரு காரணம் என்கின்றனர். முரசில் உள்ள நார்த்திசுவை உற்பத்தி செய்யும் கலங்கள் பழைய நாரைக் கரைத்துப் புதியதை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். மருந்தின் காரணமாகக் கரைக்கும் வேலை மந்தமடைய, நார் குவிகின்றது என்பது ஆய்வாளர்களின் பிரதான விளக்கம். ஆனால் நமக்கு முக்கியமானது வேறொன்று. பற்களின் அடியில் அழுக்குப் படலமும் காறையும் உள்ள வாயில் இந்த வளர்ச்சி கடுமையாகின்றது. பல்லே இல்லாத இடத்தில் இது பெரும்பாலும் வருவதில்லை. மருந்தும் அழுக்கும் கைகோத்தால்தான் முரசு இந்த அளவுக்கு வளர்கின்றது. மருந்தை நாமாக மாற்ற முடியாது. அழுக்கை அகற்ற முடியும்.

வவுனியாவில் வசிக்கும் எனது பழைய நண்பர் ஒருவர், என்னோடு ஒரே பத்திரிகையில் ஒப்புநோக்காளராக இருந்தவர். எழுத்துப் பிழை ஒன்றும் அவருடைய கண்ணுக்குத் தப்பாது. தன்னுடைய வாயில் நடந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒன்றரை வருடம் எடுத்தது. முதலில் பற்பசையை மாற்றினார். பிறகு உப்பும் மிளகுத் தூளும் தேய்த்தார். ஊரில் ஒருவர் ஆலங்குச்சியைச் சிபாரிசு செய்தார். தனியார் சிகிச்சை நிலையமொன்றில் இரண்டு தடவை பல் சுத்தம் செய்தார்கள். மூன்றாம் தடவை ஆடிக்கொண்டிருந்த இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள். அங்கே எவரும் அவர் என்ன மருந்து பாவிக்கின்றார் என்று கேட்கவில்லை. மாதாமாதம் சென்ற பிரஷர் கிளினிக்கில் எவரும் அவரது வாயைத் திறக்கச் சொல்லவும் இல்லை. கடைசியில், படிப்பை முடித்து அண்மையில் கடமையேற்றிருந்த ஓர் இளம் பெண் பல் வைத்தியர், வாயைப் பார்க்கும் முன்னரே, "ஐயா, என்ன குளிசைகள் எடுக்கிறீங்கள்? கொப்பியைக் காட்டுங்கோ" என்று கேட்டிருக்கின்றார். கொப்பியில் நிஃபெடிபின் என்று இருந்தது. மீதிக் கதை ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அந்த ஒரு கேள்விக்காகவே அந்த வைத்தியருக்கு வணக்கம் செலுத்தத் தோன்றுகின்றது. நம்முடைய மருத்துவ அமைப்பு உடம்பைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கின்றது. நெஞ்சு ஒருவருக்கு, கண் இன்னொருவருக்கு, வாய் மற்றொருவருக்கு. ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிப்பதில்லை. இது இலங்கைக்கு மட்டும் உரிய குறை என்றும் சொல்வதற்கில்லை. லண்டனில் குடும்ப வைத்தியரின் கணினியும் பல் வைத்தியரின் கணினியும் ஒன்றோடொன்று பேசுவதில்லை என்று அங்குள்ள உறவினர்கள் சொல்கின்றார்கள். பல் வைத்தியர் ஒரு படிவம் தருவார், பாவிக்கும் மருந்துகளை எழுதுங்கள் என்று. அம்மம்மா "பிரஷர் குளிசை" என்பார். பேரப்பிள்ளை அதை ஆங்கிலத்தில் அப்படியே எழுதும். எந்தக் குளிசை என்பது அங்கே காணாமல் போய்விடுகின்றது. பிரஷருக்கு ஐந்தாறு வகைக் குளிசைகள் உண்டு என்பதும் அவற்றில் ஒரு வகைதான் முரசைத் தொடும் என்பதும் அம்மம்மாவுக்கும் தெரியாது, பேரனுக்கும் தெரியாது.

மேலைநாடுகளில் ஒரு வசதியாவது இருக்கின்றது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த ஒரு தாள் வரும். அம்லோடிபின் பெட்டியில் வரும் தாளில், மிக அரிதாக ஏற்படக்கூடிய விளைவுகளின் வரிசையில், முரசு வீக்கமும் குறிப்பிடப்பட்டிருக்கின்றது. எறும்பு எழுத்தில்தான், ஆனாலும் இருக்கின்றது. நமது அரச கிளினிக்குகளில் குளிசையை எண்ணிக் கடதாசி உறையில் போட்டுத் தருகின்றார்கள். காலை எத்தனை, இரவு எத்தனை என்பது மாத்திரமே அதில் இருக்கும். இலவசமாக மருந்து தரும் நாட்டில் இதையும் குறை சொல்வதா என்று சிலர் கேட்கக்கூடும். இலவச மருத்துவத்தை நான் மதிக்கின்றேன். இந்த நாட்டில் மிஞ்சியிருக்கும் ஒருசில நல்ல விடயங்களில் அது ஒன்று. 2020 இல் கொரோனாவினால் நாடு முடங்கிக் கிடந்தபோது கிளினிக் நோயாளர்களின் மருந்துகளைத் தபால்காரர்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவ்வளவையும் செய்ய முடிந்த ஒரு திணைக்களத்தால், ஒவ்வொரு மருந்துக்கும் நான்கு வரியில் ஒரு துண்டுச் சீட்டை அச்சடித்துக் கொடுக்க முடியாதா? அதைத் தமிழிலும் கொடுங்கள் என்று தனியாகக் கேட்கவேண்டியிருப்பதுதான் வேதனை. 1987 இல் கொண்டுவரப்பட்ட 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி.

ஆனால் துண்டுச் சீட்டைக் கொடுப்பவர்கள் ஒரு விடயத்தில் மிகுந்த கவனம் எடுக்கவேண்டும். அரைகுறையாகச் சொன்னால் ஆபத்து. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், முரசு வீங்கிய மூத்த சகோதரிக்கு யாரோ இணையத்தில் வாசித்துவிட்டு "இந்தக் குளிசையால்தான் வந்தது, நிறுத்துங்கோ அக்கா" என்று சொல்லியிருக்கின்றார்கள். அவர் நிறுத்தினார். வைத்தியரிடம் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிவிட்டது. முரசு வீக்கம் அருவருப்பானது, சங்கடமானது, ஆனால் அது ஆளைக் கொல்லாது. கட்டுப்பாட்டை இழந்த இரத்த அழுத்தம் கொல்லும். கொல்லாமல் விட்டால் படுக்கையில் போடும். ஆகவே இதை வாசிக்கும் எவரும் இன்றைக்கே குளிசையைத் தூக்கி எறியவேண்டாம். மாற்றுவதாயின் மருந்தை எழுதிய வைத்தியரே மாற்றவேண்டும்.

இந்த மருந்துகளை வில்லனாக்கவும் நான் விரும்பவில்லை. 2002 இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரும் ஆய்வில் 33,000 இற்கு மேற்பட்டோரை ஆண்டுக்கணக்கில் அவதானித்தார்கள். மாரடைப்பைத் தடுப்பதில் அம்லோடிபின் மற்ற மருந்துகளுக்குச் சளைத்தது அல்ல என்று அதில் தெரியவந்தது. கர்ப்பிணிகளுக்கு அழுத்தம் ஏறும்போது கைகொடுக்கும் மருந்துகளில் நிஃபெடிபினும் ஒன்று. மாற்று மருந்துகள் யாவும் குற்றமற்றவை என்றும் இல்லை. எனலாபிரில் எடுத்தால் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். மாதக்கணக்கில் இருமல் பாணி குடித்து அலுத்துப்போன பின்னரே அது குளிசையின் வேலை என்று தெரியும். அம்லோடிபினால் கால் வீங்குவதும் அவ்வாறே. அந்த வீக்கத்துக்கு இன்னொரு குளிசை எழுதப்படுவதும் உண்டு. ஒரு மருந்தின் விளைவைப் புதிய நோய் என்று எண்ணி அதற்கு மருந்து கொடுக்கும் இந்தப் பழக்கம் வைத்தியர்களுக்கே தெரிந்த வியாதிதான்.

இனி, என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம். முதல் வேலை பல் வைத்தியருடையது. காறையை முழுமையாக அகற்றி, முரசுக்கு அடியிலும் சுத்தம் செய்து, நோயாளிக்குத் துலக்கும் முறையைக் காட்டிக்கொடுக்கவேண்டும். மென்மையான தூரிகையால் காலையும் இரவும் துலக்கி, பற்களுக்கு இடையில் சிறு தூரிகையாலோ நூலாலோ சுத்தம் செய்தால், ஆரம்ப நிலையில் உள்ள பலருக்கு இதுவே வீக்கத்தை நன்றாகக் குறைத்துவிடும். இரத்தம் வருகின்றது என்று பயந்து துலக்குவதை நிறுத்துவது நம்மவர்களின் வழக்கம். அது எரிகின்ற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம். வெற்றிலை போடுபவர்கள் அதைக் கைவிடுவதற்கு இது இன்னொரு காரணம்.

குளோர்ஹெக்சிடின் என்ற வாய் கொப்பளிக்கும் திரவத்தைச் சில வாரங்களுக்கு எழுதித் தருவார்கள். நல்லது. ஆனால் பாமசியில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் பாவிப்பது நல்லதல்ல. பல் பழுப்பு நிறமாகும், நாக்கின் சுவை மாறும். இதில் ஒரு விசித்திரமும் உண்டு. 2013 இல் லண்டனில் 19 ஆரோக்கியமானவர்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வொன்றில், ஒரு வாரம் இந்தத் திரவத்தால் கொப்பளித்தபோது அவர்களின் இரத்த அழுத்தம் 2 முதல் 3.5 புள்ளிகள் வரை ஏறியது. உணவில் உள்ள நைத்திரேற்றை மாற்றி இரத்தக் குழாய்களைத் தளர்த்த உதவும் நல்ல கிருமிகளும் நம் வாயில் உள்ளன. திரவம் அவற்றையும் அழித்துவிடுகின்றது. பிரஷர் குளிசையால் வந்த முரசு வீக்கத்துக்கு எடுக்கும் மருந்து பிரஷரையே சற்று ஏற்றக்கூடும் என்றால், வாய்க்கும் நெஞ்சுக்கும் சம்பந்தம் இல்லை என்று இனி யார் சொல்வது?

சுத்தம் செய்தும் குறையவில்லை என்றால் மருந்தை மாற்றுவது பற்றிக் கிளினிக் வைத்தியரிடம் கேட்கவேண்டும். பல் வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போவது உத்தமம். இரண்டு வைத்தியர்களும் கடிதத்திலாவது சந்தித்துக்கொள்வார்கள் அல்லவா? லொசாற்றன், எனலாபிரில் போன்றவையோ, சிறுநீர் போக்கும் மருந்துகளோ, பீற்றா புளொக்கர்களோ, நோயாளியின் இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பொருந்துகின்ற ஒன்றை அவர் தெரிவு செய்யலாம். சிலருக்கு மாற்றவே முடியாத காரணங்களும் இருக்கும். அதையும் அவரே சொல்லவேண்டும். மருந்து மாறிய பின்னர் வீக்கம் வற்றுவதற்குச் சில வாரங்களிலிருந்து பல மாதங்கள் வரை செல்லும். பொறுமை வேண்டும். எனது நண்பருக்கு நான்கு மாதம் சென்றது. முழுமையாக வற்றவும் இல்லை.

ஆண்டுக்கணக்கில் வளர்ந்து நார்போல இறுகிப்போன முரசு தானாக வற்றுவது கடினம். அதைக் கத்தியாலோ லேசராலோ வெட்டிச் சீர்செய்வார்கள். அந்தப் பகுதியை மட்டும் விறைக்கச் செய்து செய்யும் சிகிச்சை அது. அதற்கு முன்னர் இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும். அஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற இரத்தத்தை இளக்கும் குளிசைகள் எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். தாமாக அவற்றை நிறுத்தவும் கூடாது. பழைய மருந்து தொடர்ந்தால், வாய்ச் சுத்தமும் கவனிக்கப்படாவிட்டால், வெட்டிய முரசு மீண்டும் வளரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. பணம் கட்டி வெட்டுவித்தவர் மறு ஆண்டு மீண்டும் வந்து நிற்கும்போது சொல்வதில் பயன் இல்லை.

இன்னொரு எச்சரிக்கையையும் இங்கே பதிவு செய்யவேண்டும். பிரஷர் குளிசை எடுப்பவரின் வாயில் வருகின்ற தடிப்புகள் யாவும் குளிசையால் வருபவை அல்ல. இரத்தப் புற்றுநோயிலும் முரசு வீங்கும். வாய்ப் புற்றுநோய் இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அதற்குப் பிரதான காரணங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் வளரும் கட்டி, இரண்டு வாரத்துக்கு மேலாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை, காரணமின்றி ஆடும் பல் என்பவற்றைக் கண்டால், "அது பிரஷர் குளிசையால் வந்தது, தானாகப் போய்விடும்" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஒரு துணுக்கை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். வாய் நோய்களில் தேர்ந்த நிபுணர்கள் பேராதனைப் பல் வைத்திய பீடத்திலும் கொழும்புப் பல் போதனா வைத்தியசாலையிலும் இருக்கின்றார்கள்.

வைத்தியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிளினிக்கில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் விரிவாக விளக்க உங்களால் முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் குளிசையை முதன்முதலில் எழுதும் அன்று, "முரசு தடித்தால் வந்து சொல்லுங்கோ, நீங்களாக நிறுத்தவேண்டாம்" என்ற ஒரு வசனம் போதும். பத்து விநாடிகூட எடுக்காது. அதே நாளில் பல் வைத்தியரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வரும்படி எழுதிவிட்டால் இன்னும் நல்லது. மருந்தைத் தொடங்கும்போதே வாய் சுத்தமாக இருந்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி வராமலே போகக்கூடும்.

வாசகர்கள் வீட்டில் உள்ள பெரியவர்களின் மருந்து உறைகளையும் பெட்டிகளையும் இன்று ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த வியாபாரப் பெயர். அது கொழும்பில் ஒன்றாகவும் சென்னையில் இன்னொன்றாகவும் மெல்பேர்ணில் வேறொன்றாகவும் இருக்கும். அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ளதுதான் மருந்தின் உண்மைப் பெயர். அது "டிபின்" என்று முடிந்தாலோ, டில்ரியாசெம், வெரபமில் என்று இருந்தாலோ, அந்தப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு கடதாசியில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். கடதாசி உறையில் பெயர் இல்லாவிட்டால் அடுத்த கிளினிக் நாளில் கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள். பிறகு, அவர்களை வெளிச்சத்தில் அமரவைத்து, கீழ் உதட்டை மெல்ல விலக்கி, முன்பற்களுக்கு இடையில் உள்ள முரசைப் பாருங்கள்.